கூடைக்குள் இருந்த பூசணிக்காய்

பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவள் நான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு என் காலைப் பார்க்கிறார்கள். இந்தக் காலா ஓடியது என்று சந்தேகம். இந்தக் கால்தான். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தின் மைதானத்தில், வெறுங்காலோடு, சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு பல வருஷம் ஓடியது. டிரில் டீச்சர் என்பது உத்தியோகத்தின் பெயர். செய்த வேலை கூடைப்பந்து.

அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒரு பூசணிக்காய். அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் மிஸ்ஸியம்மாவிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் மிஷன் துரைசாணிகளை மிஸ்ஸியம்மா என்றுதான் கூப்பிடுவோம். மற்ற மிஸ்ஸியம்மாக்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். இவள் மட்டும் லாட்வியாவிலிருந்து வந்தவள். அப்படி ஒரு தேசம் எங்கள் பூகோளப் படத்தில் இல்லை. ரஷ்யச் சக்கரவர்த்தியின் ராஜ்யத்துக்கு ஒரே நிறம் தீட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில், கடலை ஒட்டி, விரல்நுனி அளவு இடத்தைக் காட்டி, "இது நான்" என்றாள். ரஷ்யாவைச் சொல்லவில்லை, அந்த விரல்நுனியைச் சொன்னாள். இங்கிலாந்தில் தேகப்பயிற்சி படிக்கப் போன இடத்தில் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டாளாம். எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். வகுப்பறையில் அதிகாரம் செய்யத் தெரியாது, மைதானத்தில் எங்களில் ஒருத்தியாக ஓடுவாள். வெயிலில் அவள் மூக்கு தக்காளி போலச் சிவந்து தோல் உரியும். அதற்குக் கற்றாழைச் சோறு தடவிவிடுகிற வேலை எங்களுடையது.

அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்டத்தில் மைதானத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டிருக்கும். காப்பவள் பின்பங்கில் நிற்பாள், நடுவில் நிற்பவள் நடுப்பங்கில், எறிகிறவள் முன்பங்கில். கோட்டைத் தாண்டக் கூடாது. நான் எறிகிறவள். மூன்றில் ஒரு பங்கு மைதானம்தான் எனக்கு விதித்தது, ஆனால் கூடை இருந்த பங்கு அது. அந்த வயதில் வேறெதுவும் எனக்கு அத்தனை சொந்தமாக இருந்ததில்லை.

கூடை என்றால் இப்போது உள்ளதுபோல அடியில்லாத வலை இல்லை. பனையோலையில் முடைந்த கடகப்பெட்டி, அடியோடு. இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பம் நட்டு அதில் தொங்கவிட்டிருந்தோம். பந்து விழுந்தால் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், ஏணி போட்டு எடுக்க வேண்டும். அந்தத் தொல்லையைத் தீர்த்தவள் உவரிக்காரி.

உவரிக்காரி என் சிநேகிதி. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பனார் உப்புக்கருவாடு ஏற்றிக்கொண்டு உள்ளூர்ச் சந்தைகளுக்கு வருகிறவர், மகள் டீச்சராக வேண்டுமென்று, வேறு சபைப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பங்குச் சாமியாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு எங்கள் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார். பேட்டையில் ஒரு கொல்லாசாரியிடம் இரண்டு கப்பி செய்து வாங்கி, கம்பத்தின் உச்சியில் பொருத்தி, கிணற்று வாளி மாதிரி கூடையைக் கயிற்றில் இறக்கவும் ஏற்றவும் வழி பண்ணினாள் அவள். பந்து விழுந்ததும் கயிற்றை விடுவாள், பந்தை எடுப்பாள், ஒரே இழுப்பில் மேலே ஏற்றி முடிச்சுப் போடுவாள். கரையில் அண்ணன்மாரோடு சேர்ந்து வலை இழுத்த கை. அந்தக் கை எத்தனை வலுவானது என்பதுதான் பிற்பாடு வினையானது.

மகா யுத்தத்துக்கு முந்தின வருஷம் மிஸ்ஸியம்மாவின் தாயார் நோயாகக் கிடப்பதாகக் கடிதம் வந்தது. அவள் ஊருக்குப் போக முடிவு செய்தாள். போனால் திரும்ப மாட்டாள் என்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. பள்ளிக்கூடத்துத் தலைவியான பெரிய மிஸ்ஸியம்மா என்னைக் கூப்பிட்டு, டிரில் டீச்சர் வேலையை நீ எடுத்துக்கொள்கிறாயா, எடுத்துக்கொண்டால் அணியும் உன் பொறுப்பு, நீயும் சேர்ந்து விளையாடலாம் என்றார். யாரும் எடுக்காவிட்டால் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தையல் கொட்டகை கட்டுவதாக ஏற்பாடு. நான் வீட்டுக்கு நடந்து போனதாகவே நினைவில்லை, பறந்துதான் போயிருப்பேன்.

வீட்டில் அப்பா, மிஷன் பள்ளி உபாத்தியாயர், நான் சொல்லி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போதுதான் வள்ளியூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளையும் உபாத்தியாயர், பாளையங்கோட்டையிலேயே வேலை. தகப்பன் இல்லாத பிள்ளை, தாயார் வைத்ததுதான் சட்டம்.

"நான் என்னத்தச் சொல்ல? நீ இனி அவுக வீட்டுப் பிள்ள. அந்த அம்மா சரின்னா எனக்கும் சரி. அவுக வேண்டாம்னா வேண்டாந்தான்," என்றார் அப்பா.

"எப்பக் கேப்பிய?"

"ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வருதாகல்லா, அன்னைக்குக் கேக்கேன்."

ஸ்தோத்திரப் பண்டிகை எங்கள் சபைகளில் பெரிய நாள். விளைச்சலின் முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். நெல், வாழைத்தார், தேங்காய், கோழி, எது விளைந்ததோ அது. ஒன்றும் விளையாதவர்கள் வீட்டில் சமையலுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒதுக்கிவைத்த கைப்பிடி அரிசியைக் கொண்டுவருவார்கள். கோயில் வாசலில் பனையோலைப் பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கும். படைத்ததைப் படைத்தவரே திரும்பத் தொடக் கூடாது. படிக்கிறவர் இந்தப் பெட்டிகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பண்டிகையன்றுதான் மிஸ்ஸியம்மாவோடு எங்கள் கடைசி ஆட்டத்தையும் வைத்திருந்தார்கள். தெற்கேயிருந்து ஒரு போர்டிங் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் சபையே மைதானத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆட்டத்துக்கு நடுவர் மிஸ்ஸியம்மா, கழுத்தில் ஊதல். என் வருங்கால மாமியார் மட்டும் வந்து சேரவில்லை. வண்டிமாடு ஒன்று நாங்குநேரிப் பக்கம் நொண்டியதாகச் சொன்னார்கள். நான் பாவி, அந்த மாடு இன்னும் கொஞ்சம் நொண்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஓடுவதையும் குதிப்பதையும் அந்த அம்மா பார்க்காமல் இருந்தால் அப்பா கேட்பதற்குச் சரி என்று சொன்னாலும் சொல்லலாம். பார்த்துவிட்டால் எந்த மாமியார் சம்மதிப்பாள்?

பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் ஒரு பந்து பின்னால் இருந்தோம். எல்லோரும் கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனோம். உவரிக்காரி, அடுத்த பாதியில் நாங்கள் எறியவேண்டிய கூடையை நெஞ்சளவுக்கு இறக்கி, முடிச்சை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படியே தொங்கவிட்டு எங்களோடு வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வள்ளியூர் வண்டி வந்திருக்கிறது. இறங்கியது ஒரே ஒரு அம்மாள், கறுப்பு, ஒல்லி, காதில் பாம்படம் ஆட, இடுப்பில் ஒரு பூசணிக்காய். அவர் தோட்டத்து முதல் காய். கோயில் வாசலுக்குப் போனால் பெட்டிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். சபை எங்கே என்று பார்த்தால் மைதானத்தில். மைதானத்தில் கம்பம், கம்பத்தில் புதுக் கடகப்பெட்டி, கைக்கு எட்டுகிற உயரத்தில். அவர் தயங்கவே இல்லை. பூசணிக்காயைப் பெட்டிக்குள் இறக்கி, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். அதைப் பார்த்து, பிந்தி வந்த இன்னும் இரண்டு பெண்கள் கைப்பிடி அரிசியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பிறகு அப்பா ஓடிவந்து மாமியை அழைத்துப்போய்ப் பெண்கள் வரிசையில் முன்பாயில் உட்காரவைத்தார். இதில் ஒன்றையும் நாங்கள் பார்க்கவில்லை.

திரும்பி வந்த உவரிக்காரி பின்னால் யாரோடோ பேசிக்கொண்டே கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்துக் கட்டினாள். "கனமா இருந்திருக்குமேட்டி, உனக்குத் தெரியலியா?" என்று பிற்பாடு கேட்டதற்கு, "பத்துப் பேரு இழுக்க வலைய நாலு பேரா இழுத்த கை. பூசணிக்காயெல்லாம் இதுக்கு ஒரு கனமா?" என்றாள். இதை என்னவென்று சொல்வது?

இரண்டாம் பாதியில் எனக்குப் பந்தே வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் எதிர்ப்பக்கத்துக் காவல்காரப் பெண் மரம் மாதிரி கையை விரித்து மறித்துவிட்டாள். நடுவில் ஒருமுறை முன்பாயைப் பார்த்தேன். பாம்படம் தெரிந்தது. வந்துவிட்டார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. என்னையும் கூடையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, ஆயிற்று, இந்தக் கம்பம் இருந்தால் என்ன, தையல் கொட்டகை வந்தால் என்ன என்று மனசு விட்டுப்போய்விட்டது.

மிஸ்ஸியம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரம், நடுப்பங்கிலிருந்து பந்து எனக்கு நேராக வந்தது. மறித்தவள் கால் இடறி ஒரு பக்கம் சாய்ந்தாள். இதுதான் கடைசி என்று தெரிந்தே எறிந்தேன். பந்து மேலே போய், கூடையில் பட்டு, துள்ளி, புழுதியில் விழுந்தது. ஊதல் ஊதிவிட்டது. ஆட்டம் முடிந்தது.

எனக்குத் தெரியும், அது விளிம்பில் பட்ட பந்து. கடகப்பெட்டியின் வாயில் கட்டியிருந்த கம்பில் பட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். மூன்று வருஷம் கேட்ட சத்தம் அது. நான் அப்படியே நின்று கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விழுந்துட்டு!" என்று ஒரு குரல்.

மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது. முன்பாயில் வள்ளியூர் மாமி எழுந்து நின்றிருந்தார். ஆண்கள் இருக்கிற இடத்தில் அப்படிக் குரலை உயர்த்திப் பேசுகிற வழக்கம் அன்றைக்குக் கிடையாது.

"பந்து உள்ள விழுந்துட்டு. உள்ள என் பூசணிக்காய்லா இருக்கு! அதுமேல பட்டுத் தெறிச்சு வெளிய வந்துட்டு. காணிக்கைப் பெட்டின்னு நெனச்சு நாந்தான் வச்சேன். வேணும்னா இறக்கிப் பாருங்க!"

உவரிக்காரி கயிற்றை விட்டாள். கூடை இறங்கியது. உள்ளே பூசணிக்காய், சுற்றிலும் அரிசி. அன்றைக்கு எழும்பின சிரிப்பு ஆற்றங்கரைவரை கேட்டிருக்கும். ஐயரவர்களே, எங்கள் சபைக் குரு, அங்கியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. வெட்கத்தில் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார், ஆனாலும் உட்காரவில்லை.

மிஸ்ஸியம்மா கூடையைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். அவளுடைய சட்டப் புத்தகத்தில் பூசணிக்காய்க்கு விதி கிடையாது. "அம்மா, நீங்கள் பார்த்தீர்களா?" என்று அவளுடைய சுத்தமான தமிழில் கேட்டாள்.

"இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

மிஸ்ஸியம்மா கையை உயர்த்திவிட்டாள். ஆட்டம் சமம். பிள்ளைகள் என்னைத் தூக்கிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இல்லை மிஸ்ஸியம்மா, அது விளிம்பு, என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தூக்கினவர்கள் தோளில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மை பேச வேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய்தான் அது.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. காணிக்கைப் பொருள்களைக் கூவி விற்கிற கோயில் ஏலத்தில் அந்தப் பூசணிக்காயை அப்பாவே எடுத்திருந்தார், அம்மா அதையே தேங்காய் அரைத்துக் கூட்டு வைத்திருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா சுற்றி வளைத்து, மழையைப் பற்றியெல்லாம் பேசி, கடைசியில் வேலை விஷயத்துக்கு வந்தார்.

மாமி சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்து உட்கார்ந்துதான் பதில் சொன்னார். "பந்து விழுந்துட்டுன்னு அத்தன பேரு முன்னால நாந்தான எந்திரிச்சுச் சொன்னேன்? இனி அந்தப் பிள்ளகிட்டப் போயி எறியாதேன்னு எந்த வாயால சொல்லுவேன்? சபை என்னைப் பார்த்துச் சிரிக்கதுக்கா? எறிஞ்சுட்டுப் போட்டும்."

அவ்வளவுதான். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. கதவுக்குப் பின்னால் நின்று சத்தம் வராமல் அழுதேன். பாதி சந்தோஷம், பாதி வேறொன்று. அந்த அம்மா தான் கண்டதாக நம்பின ஒன்றைச் சொல்லி அதில் தானே மாட்டிக்கொண்டார், கண்டதே தப்பு என்பது எனக்கு மட்டும் தெரியும். வாங்கிய சம்மதம் திருடின சம்மதம் மாதிரி உறுத்தியது.

மிஸ்ஸியம்மா கப்பல் ஏறத் தூத்துக்குடிக்குப் போனாள். பந்தையும் ஊதலையும் எனக்கு விட்டுப்போனாள். மறுவருஷம் யுத்தம் வந்தது, கடிதங்கள் நின்றன. எனக்குக் கலியாணம் ஆயிற்று. காலையில் டிரில், சாயங்காலம் பந்து. முதல் பிள்ளை பிறந்து ஏழாம் மாதம் மறுபடியும் முன்பங்கில் போய் நின்றேன். பிள்ளையை வைத்துக்கொண்டு மாமி கம்பத்தடியில் உட்கார்ந்திருப்பார். விளையாட்டு அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. யார் எறிந்தாலும், எதிர்ப்பக்கம் எறிந்தாலும், "விழுந்துட்டா?" என்று கேட்பார். ஊரில் அவருக்குப் பூசணிக்காய் மாமி என்று பெயரே நிலைத்துவிட்டது. கோயிலுக்குப் போனால், "என்ன மாமி, இந்த வருசம் காய் எந்தப் பெட்டியில?" என்று கேலி பண்ணுவார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். என் பொய்க்கு அவர் கேலிப்பெயர் சுமக்கிறாரே என்று எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் இருக்கும். சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்து, சொன்னால் வேலையை விடச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து விழுங்கிவிடுவேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் மிஸ்ஸியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. உறையில் அதுவரை நான் பார்த்திராத முத்திரை. தாயார் போய்விட்டார். வீடு இடிந்துவிட்டது. ஆனால் தன் தேசத்துக்கு இப்போது தனிப் பெயர் உண்டு, படத்தில் தனி நிறம் தீட்டுவார்கள் என்று எழுதியிருந்தாள். கூரை பாதி போன ஒரு மண்டபத்தில் பெண்களைச் சேர்த்துக் கூடைப்பந்து ஆடுகிறாளாம். குளிரில் கை விறைத்துவிடுவதால் கையுறையோடு எறிகிறார்களாம். கடைசியில் ஒரு கேள்வி: 'நான் இன்றும் நடுவராக இருக்கிறேன். ஒன்று மட்டும் என் மனதில் கிடக்கிறது. சூரியன் என் கண்ணில் இருந்தது. அந்தப் பந்து உண்மையாகவே விழுந்ததா?'

மாமி அடுப்படியில் அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தவள் அந்த வரியில் நிறுத்திவிட்டேன்.

"என்னட்டி நிறுத்திட்ட? அப்புறம் என்ன எழுதியிருக்கா?"

வாசித்தேன். வாசித்ததோடு மற்றதையும் சொல்லிவிட்டேன். "மாமி, அது விழல. விளிம்புல பட்டு வந்துட்டு. எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க தப்பாப் பார்த்து எந்திரிச்சு நின்னிய, நான் பேசாம இருந்துட்டேன். என்னால உங்களுக்கு ஊரெல்லாம் கேலி," என்றேன்.

மாமி மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் செதில் உரசினார்.

"விழலன்னு எனக்குத் தெரியாதா? 'டொக்'னு சத்தம் பாய் வரைக்கும்லா கேட்டுது."

எனக்குப் புரியவில்லை. "பின்ன ஏன் மாமி?"

"நீ அந்தப் பெட்டியவே பார்த்துக்கிட்டு நின்ன பாரு, அது." கையை நிறுத்தினார். "நான் மூணாங்கிளாஸ் படிக்கையில, போதும்னு எங்க அப்பா சிலேட்ட வாங்கிப் பரண்மேல போட்டுட்டாரு. கீழ நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு எனக்காவ ஒரு பொய் சொல்ல ஒரு ஆளு இல்ல."

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். மாமி மறுபடியும் மீனை எடுத்தார்.

"அவளுக்கு என்ன மாமி எழுத?"

"அங்கன குளிருல நின்னு எறியுதா, பாவம். விழுந்துட்டுன்னு எழுது."

அப்படியே எழுதினேன்.